புகை நடுவே ஒரு கரம்

சாராள் சாட்சி சொல்ல எழுந்தபோது அவள் தம்பி எட்வர்ட் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான். கும்மிடிப்பூண்டி பைபாஸ் ஓரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சபை அது. ஞாயிறு ஆராதனையில் பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவே சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். மகனுக்குக் கம்பெனியில் பர்மனென்ட் ஆனது, திருட்டுப்போன சைக்கிள் கிடைத்தது, புருஷன் குடியை விட்டது என்று வாரா வாரம் வரும். அடுத்த மாதமே அந்தப் புருஷன் விட்ட குடியைத் திரும்பப் பிடித்திருப்பான், அதற்குச் சாட்சி கிடையாது. பேசுகிறவரின் பின்னால் மெல்ல வாசித்துக்கொண்டே இருக்க வேண்டியது எட்வர்டின் வேலை.

"ஸ்தோத்திரம்," என்றாள் சாராள். முக்காட்டை இழுத்து மார்பை மூடிக்கொண்டாள். "என் சரீரத்துல ஒரு கட்டி கீதுன்னு எல்லாருக்கும் தெரியும். டாக்டரம்மா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ, அறுத்து எடுக்கணும்னு எழுதிக் குடுத்தாங்க. நான் போவல. போவவும் மாட்டேன். என் தம்பி மூலியமா ஆண்டவர் எனக்கு ஒரு பாட்டு குடுத்துக்கீறாரு. அவர் கரம் வர்ற வரைக்கும் நான் அசைய மாட்டேன்."

சபை அல்லேலூயா என்றது. பின்வரிசையில் ஒரு பெண் அழுதாள். பாஸ்டர் கண்களை மூடியபடியே, "அந்தப் பாட்டையே பாடி ஆண்டவரை மகிமைப்படுத்துவோம்," என்றார். எட்வர்ட் வாசித்தான். வாசிக்காமல் என்ன செய்வான்?

"புகையின் நடுவே உம் கரம் தோன்றும், அதுவரை நான் அசையேன், அசையேன்" என்று முந்நூறு பேர் கை தட்டிப் பாடினார்கள். ஊதுபத்தித் தொழிற்சாலைப் பெண்களும், கம்பி ஏற்றும் லாரி டிரைவர்களும், இறால் உரிக்கும் கம்பெனிக்காரிகளும் பாடினார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடியவள் சாராள். எட்வர்டின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவனுக்கு அந்த இடத்திலேயே எழுந்து ஓடிவிட வேண்டும் போல் இருந்தது.

ஏனென்றால் அந்தப் பாட்டு வந்த வழி அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

எட்வர்டின் தாத்தா அடுத்தவர் வயலில் நாற்று பிடுங்கினவர். அந்த வயல் இருந்த இடத்தில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததும் அப்பா அங்கே காவல்காரரானார். எட்வர்ட் மிஷன் ஹாஸ்டலில் தங்கிப் பத்தாவது வரை இங்கிலீஷில் படித்தான். அந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் ஐடிஐ முடித்து, ஒரு இரும்பு உருக்கும் கம்பெனியில் கிரேன் ஏறினான். உலைக்கு மேலே, கூரைக்குக் கீழே, கண்ணாடி வைத்த ஒரு கூண்டு. அதில் உட்கார்ந்து கொதிக்கிற இரும்புத் தொட்டியைத் தூக்கவும் இறக்கவும் செய்ய வேண்டும். கீழே நிற்கிற சிக்னல்காரன் கையைக் காட்டினால்தான் எதுவும் அசைய வேண்டும். அவன் கை மேலே போனால் சுமை மேலே போகும், கீழே வந்தால் கீழே வரும். சத்தம் போட்டுச் சொல்ல வழியில்லை, உலையின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் தும்மினால்கூடக் கேட்காது.

அந்தக் கம்பெனிக்குப் பயிற்சிக்கு வந்த ஒரு வங்காளத்து இஞ்சினியர் பையன், ஊரின் புகையும் வெயிலும் ஒத்துக்கொள்ளாமல் மூட்டை கட்டியபோது, எட்வர்டிடம் ஒரு எம்பி3 சிடியைக் கொடுத்துவிட்டுப் போனான். எல்லாம் அவர்கள் பிறப்பதற்கு முந்தைய இங்கிலாந்து ராக் குழுக்களின் பாட்டுகள். ஒவ்வொன்றும் கால் மணி நேரம், இருபது நிமிஷம் போகும். நடுவில் பாட்டு எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும். எட்வர்டின் மனைவி ஜெபா முதல் நாளே காதைப் பொத்திக்கொண்டாள். "இன்னாங்க இது, பாத்திரக் கடையில பூனை பூந்த மாரி கீது?" என்றாள்.

எட்வர்டுக்கு அப்படித் தோன்றவில்லை. அதில் ஒரு பாட்டு, ஐந்து பாகமாக, ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடியது. வார்த்தைகள் பாதி புரியாமல், பஜாரில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய்த் தேடி எடுத்து, அகராதி வைத்துப் படித்தான். புகைபோக்கிகள் நிறைந்த ஒரு ஊர். அதில் உயரமான ஒரு கோபுரத்தில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அசையாமல் இரு, புகைக்குள்ளிருந்து ஒரு கை வரும், அதுவரை அசையாமல் இரு என்று ஒரு குரல் அவளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

அதைப் படித்த அன்று எட்வர்ட் பிரவுசிங் சென்டரின் மரத்தடுப்புக்குள் உட்கார்ந்து அழுதான். பக்கத்துத் தடுப்பில் இருந்தவன், பரீட்சையில் ஃபெயிலாகிவிட்டான் போல என்று நினைத்திருப்பான். சின்ன வயதிலிருந்து எட்வர்ட் பாடிய பாட்டுகளில் எல்லாம் ஒலிவ மரமும் திராட்சைத் தோட்டமும் மேய்ப்பனும்தான் இருந்தார்கள். ஒலிவ மரம் எப்படி இருக்கும் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. ஆண்டவர் இருக்கிற ஊர் ஏதோ தூரதேசம், நாம் இருப்பது சிப்காட் என்றுதான் அவன் மனதில் பதிந்திருந்தது. இந்தப் பாட்டில்தான் முதல்முறையாகப் புகைபோக்கி வந்தது. உயரத்தில் ஒரு கூண்டும், கீழே புகையும், ஒரு கைக்காகக் காத்திருக்கிற உயிரும் வந்தன. தன்னைத் தேடிக்கொண்டு யாரோ இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்று அவனுக்குப் பட்டது.

பாட்டை எழுதின பாடகர் ஒரு பேட்டியில், அதற்கெல்லாம் அர்த்தம் கிடையாது, வார்த்தைகள் காதுக்கு நன்றாக இருந்தன, போட்டேன் என்று சொல்லியிருந்தார். அதையும் எட்வர்ட் படித்தான். நம்பவில்லை. அந்தப் பாடகனுக்கே தெரியாமல் அவனை எழுத வைத்தவர் யார் என்று தனக்குள் கேட்டுக்கொண்டான். நம்ப ஆசைப்பட்டுவிட்ட மனிதனிடம் யார் என்ன சொல்லி என்ன ஆகப்போகிறது?

அப்புறம்தான் அந்தச் சம்பவம். காலை ஷிஃப்ட். எண்ணெய் ஊறின பழைய இரும்பை யாரோ பார்க்காமல் உலையில் போட்டுவிட்டார்கள். கருகருவென்று புகை கிளம்பி ஷெட் முழுக்க அடைத்துக்கொண்டது. எட்வர்டின் கொக்கியில் காலித் தொட்டி தொங்கிக்கொண்டிருந்தது. காலி என்றாலும் ஒரு மினி லாரி கனம். கீழே சிக்னல் கொடுத்துக்கொண்டிருந்த பரசுராமனின் கை, இறக்கு என்று காட்டினபடியே புகைக்குள் மறைந்தது. அவசரக்காரன் என்றால் கடைசியாகப் பார்த்த கையை நம்பி இறக்கியிருப்பான். எட்வர்டின் தலைக்குள் அந்தப் பாட்டு ஓடியது. அசையாமல் இரு. அவன் லீவரிலிருந்து கையை எடுத்தான்.

கையை எடுத்தவன் காலால் மணியை மிதித்தான். கிரேன் கூண்டின் தரையில், காலுக்குக் கீழே ஒரு மணி இருக்கும். சுமை மேலே இருக்கிறது, ஒதுங்கு என்பதற்காக. டணார் டணார் என்று விடாமல் மிதித்தான். புகை கலைந்தபோது பரசுராமன் தொட்டிக்கு ஒரு எட்டு தள்ளி, கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றான். கண் எரிச்சலில் திக்குத் தெரியாமல் நேராகத் தொட்டிக்கு அடியில் வந்து நின்றிருக்கிறான். தலைக்கு மேலேயே மணி கேட்டதும் பதறி விலகியிருக்கிறான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எட்வர்ட் சாட்சி சொன்னான். புகை வந்ததைச் சொன்னான். ஆண்டவர் தன் உள்ளத்தில் ஒரு பாட்டைக் கொடுத்ததைச் சொன்னான். அசையாமல் காத்திருந்ததையும், ஒரு உயிர் பிழைத்ததையும் சொன்னான். மணியை மிதித்ததைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று முதலில் நினைக்கவும் இல்லை. சொல்லிக்கொண்டே வரும்போது சபை மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. அந்த இடத்தில் மணியைக் கொண்டுவந்தால் அதிசயம் கொஞ்சம் கம்மியாகிவிடும் போலிருந்தது. சாட்சி சொல்லிப் பழகினவர்களுக்கு இது தெரியும். காய்ச்சல் குணமானது என்று சொல்வார்கள், ஊசி போட்டதைச் சொல்ல மாட்டார்கள். அதில் யாருக்கும் பொய் சொன்ன உறுத்தல் இருக்காது.

பாட்டை எங்கிருந்து எடுத்தான் என்பதையும் சொல்லவில்லை. தமிழில் எழுதி, மெட்டைச் சபைக்கு ஏற்ற மாதிரி சுருக்கி, முதல் நான்கு பாகத்தை மட்டும் பாடினான். ஐந்தாம் பாகத்தை விட்டுவிட்டான். அது அவனுக்குப் பிடிக்கவில்லை.

பரசுராமன் இந்துக்காரன், சபைக்கு வருகிறவன் அல்ல. அவன் தன் பங்குக்குப் பெரியபாளையம் போய், இடுப்பில் வேப்பிலை கட்டிக்கொண்டு பவானி அம்மனைச் சுற்றி வந்து நேர்த்திக்கடனை முடித்தான். எட்வர்டுக்குப் பிரசாதமும் கொண்டுவந்து கொடுத்தான். எட்வர்ட் அதை வாங்கி, ஜெபாவுக்குத் தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டான்.

பாட்டு பரவியது. கவரைப்பேட்டைச் சபையில் பாடினார்கள், பொன்னேரியில் பாடினார்கள். ஆட்டோவின் பின்னால் 'அசையேன்' என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். எட்வர்டுக்கு அப்போதெல்லாம் பெருமையாகத்தான் இருந்தது. அந்த நேரத்தில்தான் சாராள் குளிக்கும்போது மார்பில் கட்டியைத் தொட்டாள்.

முதலில் வேர்க்கடலை அளவு என்றாள். ஜெபாவிடம்தான் சொன்னாள், வேறு யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரம்மாவின் சீட்டை வாங்கி வந்த அன்று சாயங்காலம் சபையில் இந்தப் பாட்டைப் பாடினார்கள். ஆண்டவர் தன்னிடம் நேரடியாகப் பேசிவிட்டார் என்று சாராள் முடிவு கட்டிவிட்டாள். அவள் புருஷன் ஜெயராஜ் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் நெல்லூர், விஜயவாடா பக்கம் இருப்பான். அவன் சொல்லியும் கேட்கவில்லை. வேர்க்கடலை எலுமிச்சை ஆயிற்று, சபையிலும் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அவள் எழுந்து நின்ற இந்த ஞாயிறு சாட்சியில்தான் போக மாட்டேன் என்பதைச் சபை அறிய சத்தியம் மாதிரிச் சொல்லிவிட்டாள். இனி அவளே நினைத்தாலும் பின்வாங்க முடியாது.

எட்வர்ட் பாஸ்டரிடம் போனான். அவர் கெட்டவர் இல்லை. முன்னாள் வெல்டர், யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவர். மேஜையின் மேல் அவருடைய பிரஷர் மாத்திரைப் பட்டை கிடந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போவாதேன்னு நான் என்னிக்கும் பிரசங்கம் பண்ணதில்ல பிரதர்," என்றார். "ஆனா அந்தம்மா விசுவாசத்த நான் எப்படிக் குலைக்கறது? நாளைக்கு ஏதாவது ஆச்சின்னா என் மனசாட்சி இன்னா சொல்லும்? நீங்க தம்பி. பாட்டும் உங்களுது. நீங்க பேசுங்க."

"பாட்டு என்னுது இல்ல பாஸ்டர்," என்றான் எட்வர்ட்.

"அதான, பரிசுத்த ஆவியானவர் குடுத்தது," என்றார் அவர். எட்வர்ட் வெளியே வந்தான்.

மறுநாள் கேன்டீனில் நாஷ்டா சாப்பிடும்போது பரசுராமனிடம் விஷயத்தைக் கொட்டினான். பரசுராமன் பொங்கலைப் பிசைந்தபடியே கேட்டான்.

"நீ ஏன்டா இவ்ளோ பேஜாரு பண்ணிக்கினு கீற? நேரா போய் அக்காகிட்ட சொல்லு. அன்னிக்கி நீ மணி அட்ச்ச, நான் நவுந்தேன். அவ்ளோதான்."

"நீ அம்மன் காப்பாத்துனான்னு சொன்னியே?"

"ஆமா, அம்மாதான் காப்பாத்துனா. அதுக்காக மணி அட்ச்சது இல்லன்னு ஆயிடுமா? நீ மட்டும் பாட்டுப் பாடிக்கினு சும்மா குந்தினு இருந்திருந்தா, நான் அங்கியே நின்னுகினு இருந்திருப்பேன். புகைல உன் கை தெரியாம லீவர்ல பட்டுருந்தா, என் பொண்டாட்டி இன்னிக்கி பொட்டு இல்லாம இருப்பா." பொங்கலை வாயில் போட்டுக்கொண்டான். "போ நைனா. போய் சொல்லு."

அன்று ஷிஃப்ட் முடிந்ததும் எட்வர்ட் வீட்டுக்குப் போகவில்லை. சிடி பிளேயரை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் காலையிலேயே எடுத்து வந்திருந்தான். சாராளின் வீட்டுக்குப் போனபோது மதியம் இரண்டரை இருக்கும். இறால் கம்பெனி வேலையை அவள் விட்டுவிட்டிருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பவுடர் வாசனை அடித்தது. உள்ளே போனால், பவுடருக்கு அடியில் இன்னொரு வாடை. கட்டி உடைந்திருக்கிறது என்று ஜெபா அவனிடம் சொல்லியிருக்கவில்லை. ஒருவேளை ஜெபாவிடம் இவளே சொல்லவில்லையோ என்னவோ.

"வாடா, சோறு துன்றியா?" என்றாள் சாராள். இடது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தாள்.

"வேணாங்க்கா. ஒண்ணு சொல்லணும்." அவன் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று பட்டது. "அந்தப் பாட்டு ஆண்டவர் எனக்குக் குடுக்கல. வெள்ளக்காரனுங்க பாட்டு. ராக் பாட்டு. நம்ம சபையில சாத்தான் பாட்டுன்னு சொல்லுவாங்களே, முடி வளத்துக்கினு கிடார் அடிப்பானுங்களே, அந்த மாரி. நான் தமிழ்ல எழுதினேன், அவ்ளோதான். எழுதினவனுக்கு சாமி பக்தியே கிடையாது."

சாராள் அவனையே பார்த்தாள். முகம் சுண்டும், அழுவாள், திட்டுவாள் என்று அவன் காத்திருந்தான். அவள் சிரித்தாள்.

"வேதத்துல ஒரு கழுதை வாயைத் தொறந்து பேச வச்சவரு, கிடார்காரன் வாயைத் தொறக்க மாட்டாரா? எங்கியோ வெள்ளக்காரன் ஊர்ல எழுதின பாட்டு, கும்மிடிப்பூண்டில கீற எனக்கு வந்து சேந்துக்கீதே, அது அதிசயம் இல்லியா? நீ சொன்னப்புறம் என் விசுவாசம் இன்னும் ஜாஸ்திதான் ஆவுது."

எட்வர்டுக்குத் தூக்கிவாரிப்போட்டது. உண்மையைச் சொன்னால் கதவு திறக்கும் என்று நம்பி வந்தவன். இவள் அதே உண்மையை எடுத்துக் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போட்டுக்கொண்டாள். போதாக்குறைக்கு அவள் சொன்னது, பிரவுசிங் சென்டரில் அழுத அன்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. வார்த்தைதான் வேறு.

மஞ்சள் பையிலிருந்து பிளேயரை எடுத்தான். ஒயரைச் சொருகினான். "முழுசாக் கேளு. நான் பாடாத பாகம் ஒண்ணு கீது," என்றான்.

ஐந்தாம் பாகத்தில் டிரம்ஸ் இல்லை, கிடார் இல்லை. ஒரு ஆள் களைத்துப்போன குரலில் மெல்லப் பாடினான். எட்வர்ட் வரிக்கு வரி தமிழில் சொன்னான். ஊரில் புகை நின்றுபோனது. ஆலைகளை மூடினார்கள். ஜனங்கள் ஒவ்வொருவராக ஊரைவிட்டுப் போனார்கள். கோபுரத்தில் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் பாட்டு நின்று வெறும் காற்றுச் சத்தம் வந்தது. காற்று வீசிக்கொண்டே இருந்தது. சாராள் பிளேயரைப் பார்த்தாள்.

"ரிப்பேரா?"

"இல்ல. இப்டித்தான். இன்னும் கொஞ்ச நேரம் காத்துதான் அடிக்கும்."

வார்த்தை புரியாமல் முதல் தடவை கேட்டபோது அந்தக் காற்றை எட்வர்ட் ஆண்டவரின் மௌனம் என்று நினைத்தான். எவ்வளவு பெரிய சமாதானம் என்று நினைத்தான். இப்போது அவனுக்கு அது காற்று மட்டும்தான்.

"அந்தப் பொம்பள இன்னா ஆனா?" என்று கேட்டாள் சாராள்.

"குந்தினே செத்துட்டா."

"கை வரலியா?"

"யாரும் வரலையாம். அவ கை அவ மடியிலேயே இருந்துச்சாம். அதான் கடைசி வரி."

சாராள் குனிந்தாள். அவள் வலது கை மடியில் இருந்தது. அதை எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் பாயின் மேல் வைத்தாள். பிறகு மறுபடி மடிக்கே கொண்டுவந்தாள். காற்றுச் சத்தம் ஓய்ந்து பிளேயர் கிளிக்கென்று நின்றது. வெளியே யாரோ தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இத ஏன்டா நீ பாடல?"

"பயமா இருந்துச்சி. புடிக்கல."

"உனக்குப் புடிச்சத மட்டும் எடுத்து எனக்குக் குடுத்த." அவள் குரலில் கோபம் இன்னும் வரவில்லை. எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். "சரி, அன்னிக்கி கிரேன்ல? பரசுராமன் அடியில வந்து நின்னப்போ? நீயும் இப்டித்தான் கைய மடியில வச்சிக்கினு குந்தினு இருந்தியா?"

எட்வர்ட் வந்ததே இதைச் சொல்லத்தான்.

"மணி அட்ச்சேங்க்கா."

"இன்னா?"

"காலுக்குக் கீழ மணி கீது. மிதிச்சேன். மிதிச்சிக்கினே இருந்தேன். அந்தச் சத்தத்தக் கேட்டுத்தான் அவன் நவுந்தான்."

"மணிய பத்தி நீ சொல்லவே இல்லியே?"

"சொன்னா... சாட்சி சின்னதா பூடும்னு தோணுச்சி."

சாராள் அவனை அறைந்தாள். வலது கையால், பலமில்லாமல். மறுபடி அறைய ஓங்கினாள், முடியவில்லை. கையைக் கீழே போட்டுவிட்டு வாய்விட்டு அழுதாள். "எத்தினி மாசம்டா," என்றாள். "எத்தினி மாசமா நான் மணி அடிக்காம குந்தினு கீறேன். உன்ன நம்பித்தானடா. ஆண்டவரக்கூட இல்ல, உன்ன நம்பித்தான்." அவளைப் பிடித்துக்கொள்ளப் போனவனைத் தள்ளிவிட்டாள். எட்வர்ட் சுவரோரமாக நின்று அழுதான். வெட்கத்தில் அவனுக்குச் செத்துவிடலாம் போல் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்தாள். பீரோவைத் திறந்து, டாக்டரம்மாவின் சீட்டை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். "ஜெபாவ வரச் சொல்லு," என்றாள். "காலைல மொத லோக்கல்ல போவணும்."

பெரிய ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் போனார்கள். ரயிலில் எண்ணூர் தாண்டும்வரை சாராள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்டர் மார்பில் சுற்றியிருந்த துணிக் கட்டைப் பிரித்துப் பார்த்தார். அக்குளில் கையை வைத்து நெடுநேரம் தேடினார். அவர் தன் முகத்தில் ஒன்றும் தெரியாதபடி பார்த்துக்கொண்டது எட்வர்டுக்குத் தெரிந்தது.

"ஏம்மா இவ்வளவு நாள் வரல?" என்று டாக்டர் கேட்டார். "இதை முதல்லயே காட்டியிருந்தா சின்ன ஆபரேஷன். இப்ப அக்குள் வரைக்கும் போயிருக்கு. என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

ஜெபா எட்வர்டைப் பார்த்தாள். எட்வர்ட் வாயைத் திறந்தான். அதற்குள் சாராள் சொன்னாள்: "பாட்டு கேட்டுக்கினு குந்தினு இருந்துட்டேன் டாக்டர்."

டாக்டருக்குப் புரியவில்லை. எழுதிக்கொண்டே போனார். முதலில் ஆபரேஷன், பிறகு மருந்து ஏற்றுவது, பிறகு பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல மறுத்துவிட்டார்.

ஆபரேஷன் நாளன்று எட்வர்ட் லீவு போட்டுவிட்டு வருவதாகச் சொன்னான். சாராள் ஜெபாவிடம் சொல்லி அனுப்பினாள். "அவன வரவேணாம்னு சொல்லு. கோவம் எல்லாம் இல்ல. அவன் மூஞ்சப் பாத்தா எனக்கு அந்தப் பாட்டு ஓடுது. மயக்க மருந்து குடுக்கும்போது அது ஓடக்கூடாது."

ஜெபா அதை அப்படியே வந்து சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எட்வர்ட் கேட்டுக்கொண்டான்.

அன்று அவனுக்குக் காலை ஷிஃப்ட். செல்போனை கேட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், கூண்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. பத்து மணிக்குத் தியேட்டருக்குள் கொண்டுபோவார்கள் என்று ஜெபா சொல்லியிருந்தாள். பத்து மணி ஆகியிருக்குமா என்று எட்வர்ட் யோசித்துக்கொண்டிருந்தபோது உலையில் இரும்பு போட்டார்கள். புகை எழுந்தது. அப்படி ஒன்றும் பெரிய புகை இல்லை, தினமும் எழுகிற புகைதான். கொக்கியில் தொட்டி தொங்கியது. கீழே பரசுராமனின் கை மங்கியது.

எட்வர்ட் ஜெபிக்கப் பார்த்தான். வார்த்தை வரவில்லை. பாட்டு வந்தது, அவன் எழுதின தமிழில் வந்தது. அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அதே சமயம் அந்தப் பாட்டைத் தவிர ஆண்டவரைக் கூப்பிட அவனிடம் வேறு ஒன்றும் இல்லை என்பதும் தெரிந்தது. லீவரிலிருந்து கையை எடுத்தான். காலால் மணியை மிதித்தான்.

டணார் டணார் என்று ஷெட் அதிர்ந்தது. புகை அதற்குள் விலகத் தொடங்கியிருந்தது. உலைக்காரர்கள் வேலையை விட்டு அண்ணாந்து பார்த்தார்கள். பரசுராமன் தொட்டியைவிட்டு எங்கோ தள்ளி, பத்திரமாக, வெட்டவெளிச்சமாகத் தெரிகிற இடத்தில் நின்றான். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான். நான் இங்கே கீறேன்டா, பார், இங்கேதான் கீறேன் என்று அவன் வாய் அசைந்தது.

எட்வர்டுக்கு அது தெரிந்தது. ஆனாலும் அவன் மணியை மிதித்துக்கொண்டே இருந்தான்.